கத்தி பட்டால் பரவுமா? கண்ணுக்குள் வரும் மெலனோமாவும் அதற்கான அறுவை சிகிச்சையும்

கண்ணுக்குள் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் மூன்று யோசனைகள் வந்து விழும். "கத்தி வச்சா பரவிடும்ப்பா, தொடவே விடாதே" என்பார் சித்தப்பா. "பேசாம கண்ணையே எடுத்துட்டா வேரோட போயிடும்" என்பார் மாமா. "எடுத்துட்டுப் போகட்டும், தானமா வந்த கண்ணை வைக்கச் சொல்லேன்" என்பார் பெரியம்மா. மூவரும் அக்கறையில்தான் பேசுகிறார்கள். மூன்றும் தவறு.

ஆனால் சித்தப்பாவின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய அதே பயத்தை 1978-இல் அமெரிக்காவின் முன்னணி நோயியல் வல்லுநர்களே மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பதில் கிடைக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதைக்குப் போகுமுன், கண்ணுக்குள் என்ன இருக்கிறது, அறுவை சிகிச்சை என்ற பெயரில் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். இது புரியாமல் பேசுவதால்தான் பலர் தேவையில்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

## கண்ணுக்குள் ஓர் இருட்டறை

பழைய பிலிம் கேமராவின் முதுகைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே முழுக்கக் கருப்புப் பூச்சு. உள்ளே வந்த ஒளி சுவரில் பட்டுச் சிதறினால் படம் மங்கிவிடும், அதற்காகத்தான் அந்தக் கருப்பு. நம் கண்ணும் அதே ஏற்பாட்டோடுதான் இருக்கிறது.

கண் உருண்டை சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். அதற்கு மூன்று உறைகள். வெளியே தடித்த வெள்ளை உறை, வெண்படலம். உள்ளே ஒளியை உணர்கிற மெல்லிய உறை, விழித்திரை. இரண்டுக்கும் நடுவே கருப்பும் ரத்தமும் நிறைந்த ஓர் உறை, யூவியா. வெள்ளை உறையை உரித்துவிட்டுப் பார்த்தால் கருப்புத் திராட்சை போலத் தெரியுமாம். லத்தீனில் திராட்சைக்கு யூவா என்று பெயர்.

இந்த நடு உறைக்கு மூன்று பகுதிகள் உண்டு. கண்ணாடியில் பார்க்கும்போது தெரிகிற நிற வட்டம் ஐரிஸ். அதன் பின்னால் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் சிலியரி பாடி. அதற்கும் பின்னால், கண்ணின் அடிப்பகுதி முழுவதும் விரிந்து கிடப்பது கோராய்டு. பெயர்கள் நினைவில் நிற்காவிட்டாலும் பாதகமில்லை. முன்பகுதி, நடுவளையம், பின்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு எங்கிருந்து வருகிறது? மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. நம் தோலுக்கு நிறம் தருவதும் அதே வகைச் செல்தான். இந்த நிறமிச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி உண்டாகும் புற்றுநோய்தான் மெலனோமா. தோலில் வந்தால் தோல் மெலனோமா, யூவியாவில் வந்தால் கண் மெலனோமா. செல் ஒன்றானாலும் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. தோல் மெலனோமாவைப் பற்றிப் படித்ததைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கண் மெலனோமாவில் பத்துக்கு ஒன்பது, பின்பகுதியான கோராய்டில் வருகிறது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாக, சாதாரணமாகவே இருக்கும்.

இது அரிய நோய். ஐரோப்பாவில் ஸ்பெயின், தென் இத்தாலி பக்கம் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 2 பேருக்கும், நார்வே, டென்மார்க்கில் 8 பேர் வரைக்கும் வருகிறது. நிறமி அதிகமுள்ள கண்ணுக்குத்தானே நிறமிப் புற்று அதிகம் வர வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. நீலக் கண்ணும் வெளிர்த் தோலும் உள்ளவர்களிடம்தான் அதிகம். நம் போன்ற கருங்கண்காரர்களிடம் மிகக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருளில்லை. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் இந்த நோயாளிகள் மேலை நாட்டு நோயாளிகளைவிட வயதில் இளையவர்களாகவே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். சின்னக் குழந்தையின் கண்மணி பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னும் நோய் ரெட்டினோபிளாஸ்டோமா. அது விழித்திரையில் வருவது, குழந்தைகளுக்கு வருவது. அதற்கான சிகிச்சையும் வேறு. உறவினர்கள் அனுப்பும் வாட்ஸாப் செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வருகின்றன.

## மச்சமா, மெலனோமாவா?

தோலில் மச்சம் இருப்பது போலக் கண்ணின் அடியிலும் மச்சம் இருக்கலாம். நீவஸ் என்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அமெரிக்க வெள்ளையரை வைத்துச் செய்த ஒரு கணக்கின்படி, ஆண்டுக்கு ஏறக்குறைய 8,845 மச்சங்களில் ஒன்றுதான் மெலனோமாவாக மாறுகிறது. "கண்ணில் மச்சம் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால் அலட்சியமாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். படம் எடுத்து வைத்து, வளர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அங்கே சரியான வைத்தியம். தடிமன் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால், விழித்திரைக்கு அடியில் நீர் கோத்தால், மேலே ஆரஞ்சு நிறப் பொடி போலத் தெரிந்தால், பார்வையில் மாற்றம் வந்தால் சந்தேகம் வலுக்கும்.

பார்வை மாற்றம் என்றால் ஓரத்தில் நிழல் விழுவது, மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிவது, நேர்க்கோடு வளைந்து தெரிவது. வலி பெரும்பாலும் இருக்காது. எந்த அறிகுறியும் இல்லாமல், கண்ணாடி மாற்றப் போன இடத்தில், மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது தற்செயலாகத் தெரிந்தவர்களும் நிறையப் பேர்.

இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி: "பயாப்சி எடுக்காமலே புற்றுநோய்னு எப்படிச் சொல்றாங்க?" நியாயமான கேள்வி. மற்ற உறுப்புகளில் சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்காமல் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. கண்ணுக்கு ஒரு வசதி உண்டு. உடலை அறுக்காமல் உள்ளே நேரடியாகப் பார்க்கக்கூடிய உறுப்பு அது. கட்டியின் நிறம், வடிவம் எல்லாம் கருவி வழியே கண்முன் தெரிகின்றன. அதற்கு மேல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இருக்கிறது. கட்டி தன் மேல் இருக்கும் சவ்வைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தால் காளான் வடிவத்தில் தெரியும். அந்த வடிவத்தைப் பார்த்தால் வேறு நோய் என்று நினைக்க இடம் குறைவு. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மெலனோமா என்று முடிவு செய்து எடுத்த முதல் 413 கண்களைச் சோதித்தபோது 411 கண்களில் முடிவு சரியாக இருந்தது. சந்தேகம் இருந்தால், அல்லது கட்டியின் மரபணுக் குணத்தை அறிய வேண்டுமானால், மெல்லிய ஊசியால் துணுக்கு எடுப்பார்கள்.

இதுவரை பார்த்தது: கண்ணின் நடு உறையிலுள்ள நிறமிச் செல்களில் வருவது கண் மெலனோமா. பெரும்பாலும் கண்ணின் பின்பக்கம், வெளியே தெரியாமல் வளரும். அதைப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் கண்டுபிடிக்கிறார்கள்.

## தகடு வைக்கும் அறுவை

அறுவை சிகிச்சை என்றதும் கட்டியை வெட்டி எடுப்பது என்று நினைக்கிறோம். கண் மெலனோமாவுக்கு மிகப் பரவலாகச் செய்யப்படும் அறுவையில் கட்டியைத் தொடுவதே இல்லை. கண்ணைத் திறப்பதும் இல்லை. கண் உருண்டையின் வெளிப்பக்கம், கட்டி இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், கதிரியக்கத் தகடு ஒன்றைத் தைத்துவிட்டு வருகிறார்கள். இதற்குப் பிளேக் சிகிச்சை என்று பெயர்.

சோடா பாட்டில் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் வளைவுக்கு ஏற்பக் குழிந்த சின்ன மூடி. பெரியது ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். தங்கத்தாலான மூடிக்குள் அரிசி மணி நீளத்தில், அதைவிட மெலிந்த அயோடின்-125 விதைகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். தங்கம் ஆடம்பரத்துக்கு அல்ல. கதிர் பின்பக்கம் கசிந்து மற்ற இடங்களைச் சுடாமல் அது தடுக்கிறது. இன்னொரு வகை, வெள்ளித் தகட்டில் ருத்தீனியம்-106 பூசியது. ருத்தீனியத்தின் கதிர் அதிக ஆழம் போகாது. தடிமன் குறைந்த கட்டிகளுக்கு அது பொருந்தும், சுற்றியுள்ள பகுதிகளுக்கும் சேதம் குறைவு.

அறுவை அரங்கில் நடப்பது இதுதான். வெள்ளை விழியின் மேல் இருக்கும் மெல்லிய தோலை ஓரமாக விலக்குவார்கள். தகடு வைக்கும் இடத்தில் கண்ணை அசைக்கும் தசை குறுக்கே இருந்தால் அதைத் தற்காலிகமாகக் கழற்றி வைப்பார்கள். பிறகு கட்டி சரியாக எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். கிராமத்தில் அடைமுட்டையை விளக்குக்கு நேரே பிடித்துக் கரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே உத்திதான். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சினால் வெண்படலம் இளஞ்சிவப்பாக ஒளிரும், கட்டி இருக்கும் இடம் மட்டும் கருநிழலாகத் தெரியும். அந்த நிழலின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் கூட்டி, முதலில் கதிர் இல்லாத மாதிரித் தகட்டை வைத்துத் தையலைச் சரிபார்ப்பார்கள். எல்லாம் பொருந்திய பிறகே உண்மைத் தகடு வரும். கதிரோடு இருக்கும் நேரத்தைக் குறைப்பதற்கான ஏற்பாடு இது.

தகடு பல நாள், சில சமயம் ஒரு வாரம் வரை கண்ணோடு இருக்கும். நோயாளி தனியறையில் இருப்பார். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பார்க்க வரக் கூடாது. கணக்குப் போட்ட அளவு கதிர் கட்டியின் உச்சி வரை சேர்ந்ததும், இரண்டாவதாக ஒரு சிறிய அறுவை செய்து தகட்டை எடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகும்போது உடம்பில் கதிரியக்கம் எதுவும் தங்கியிருக்காது. பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். இதைக் கேட்கத் தயங்கி, மாதக்கணக்கில் குழந்தையைத் தள்ளி வைப்பவர்கள் உண்டு என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தகடு எடுத்த மறுவாரம் ஸ்கேன் பார்த்துவிட்டு "கட்டி அப்படியேதானே இருக்கு!" என்று பதறுவார்கள். அப்படித்தான் இருக்கும். கதிர் கட்டியைக் கரைத்து எடுத்துவிடாது. செல்களின் மரபுப்பொருளைச் சிதைத்து, இனிப் பெருக முடியாமல் செய்கிறது. வேரில் வெந்நீர் ஊற்றிய மரம் உடனே சாயாது, மாதங்களில் காயும். அது போலக் கட்டியும் மெல்லச் சுருங்கி, கடைசியில் ஒரு தழும்பாக நிற்கும். "கட்டி போயிடுச்சா?" என்று கேட்பதற்குப் பதில் "போன தடவை உயரம் எத்தனை மில்லிமீட்டர், இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். டாக்டரும் அதைத்தான் பார்க்கிறார்.

இந்த முறைக்கு வயது நூறை நெருங்குகிறது. லண்டனில் 1920-களின் இறுதியில் ஃபாஸ்டர் மூர் என்ற கண் டாக்டர் ரேடான் என்ற கதிரியக்க வாயு அடைத்த விதைகளைக் கண் கட்டியில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் பின் அதைத் தகடாக வளர்த்தெடுத்தவர் ஹைலா ஸ்டாலர்ட். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அதே ஸ்டாலர்ட்தான். ருத்தீனியத் தகட்டை 1960-களில் கிழக்கு பெர்லினில் பீட்டர் லோமாட்ஸ்ச் கொண்டுவந்தார். இந்தியாவில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்த இரண்டு வகைக்குமான பொருள்களை உள்நாட்டிலேயே செய்கிறது. ருத்தீனியத்தை அணு உலைக் கழிவிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். அந்த மையத்தின் அயோடின் விதைகளைச் சென்னை சங்கர நேத்ராலயா கண் கட்டிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்ததை இப்போது இங்கேயே செய்வது சின்ன விஷயமில்லை.

விலையும் உண்டு, பணத்தைச் சொல்லவில்லை. கதிர் கட்டியைத் தாக்கும்போது பக்கத்திலுள்ள விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நாளடைவில் கெடும். கட்டி பார்வை நரம்புக்கோ மையப் பார்வை இடத்துக்கோ அருகில் இருந்தால் பாதிப்பு அதிகம். அந்த அமெரிக்க ஆய்வில், தகடு வைத்த மூன்று ஆண்டுகளில் பாதிப் பேருக்கு அந்தக் கண்ணின் பார்வை பெருமளவு குறைந்திருந்தது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிகளால் சிலருக்கு அதைத் தள்ளிப்போட முடிகிறது. கண்ணைக் காப்பாற்றுவதும் பார்வையைக் காப்பாற்றுவதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள் என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

புரோட்டான் சிகிச்சை இதற்கு உறவுதான். வெளியிலிருந்து புரோட்டான் கற்றையைக் கட்டியின் மேல் பாய்ச்சுவார்கள். அதற்கு முன் ஓர் அறுவை இருக்கும். கட்டியின் ஓரங்களை அடையாளம் காட்ட டாண்டலம் என்ற உலோகத்தாலான சின்ன வில்லைகளை வெண்படலத்தில் தைத்துவிடுவார்கள். 1975-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் தொடங்கியது இது.

## கட்டியை மட்டும் வெட்டி எடுக்க முடியாதா?

முடியும், சிலருக்கு. ஐரிஸில் வந்த சிறு கட்டியை அந்தத் துண்டு ஐரிஸோடு சேர்த்து வெட்டிவிடலாம். அதன் பிறகு கண்மணி வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் போலத் தெரியும். வெளிச்சம் கூசும், அவ்வளவுதான்.

பின்பக்கக் கட்டியை வெட்டுவது வேறு விஷயம். கோராய்டு என்பதே ரத்தக் குழாய்களின் பின்னல். கிளாஸ்கோவில் வாலஸ் ஃபோல்ட்ஸும், பின்னர் லிவர்பூலில் பெர்டில் டமாட்டோவும் வளர்த்த ஒரு முறையில், வெண்படலத்தின் மேற்பாதித் தடிமனைப் பரண் கதவு போலத் தூக்கி, அதன் வழியே கட்டியை முழுசாக வெட்டியெடுத்து, கதவை மூடித் தைப்பார்கள். ரத்தம் பெருகாமலிருக்க நோயாளியின் ரத்த அழுத்தத்தை மயக்க மருந்து டாக்டர் வேண்டுமென்றே மிகவும் தாழ்த்தி வைப்பார். இதயமும் மூளையும் அதைத் தாங்க வேண்டும். இன்னொரு முறையில், கண்ணுக்குள் மூன்று சின்னத் துளைகள் வழியே கருவிகளை விட்டு, கட்டியைத் துணுக்குத் துணுக்காக உறிஞ்சி எடுப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் நிறையக் கைப்பழக்கம் வேண்டும், செய்பவர்களும் உலகத்தில் குறைவு. ஓரத்தில் சில செல்கள் மிஞ்சக்கூடும் என்பதால் கதிரையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. தகடு இருக்கும்போது இது எதற்கு என்றால், கட்டி மிக உயரமாக இருந்தால் அதன் உச்சி வரை கதிர் எட்டுவதற்குள் அடியிலுள்ள கண் வெந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்காக வந்த வழி இது. "வெட்டி எடுத்தால்தான் சுத்தம்" என்ற எண்ணத்தில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

## கண்ணை எடுப்பது

கட்டி கண்ணின் பெரும்பகுதியை நிறைத்துவிட்டாலோ, பார்வை நரம்பைச் சுற்றிக்கொண்டாலோ, பார்வை போய்த் தாங்க முடியாத வலி வந்தாலோ, கண்ணையே எடுப்பதுதான் வழி. இதற்கு இனுக்ளியேஷன் என்று பெயர். கேட்கவே வயிற்றைப் பிசையும் வார்த்தை. ஆனால் மனதில் ஓடும் காட்சி நடப்பதைவிடக் கொடூரமாக இருப்பதால், நடப்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

முழு மயக்கத்தில் செய்வார்கள். இமைகளுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணை அசைக்கும் ஆறு தசைகளை உருண்டையிலிருந்து பிரித்து, பின்னால் போகும் பார்வை நரம்பை வெட்டி, உருண்டையை உடையாமல் முழுதாக எடுப்பார்கள். உடையாமல் என்பதுதான் முக்கியம். உள்ளிருப்பதை மட்டும் சுரண்டி எடுக்கும் வேறொரு அறுவையும் உண்டு. கட்டி உள்ள கண்ணுக்கு அதைச் செய்யக் கூடாது.

காலியான இடத்தில் சிலிக்கோனோ அக்ரிலிக்கோ நுண்துளைப் பொருளோ கொண்டு செய்த உருண்டையை வைத்து, பிரித்த தசைகளை அதோடு இணைத்து, மேலே திசுவை மூடித் தைத்துவிடுவார்கள். சுமார் 20 மில்லிமீட்டர் இருக்கும் அந்த உருண்டை வெளியே தெரியாது. காயம் ஆற ஆறு வாரம் ஆகும். பிறகுதான் செயற்கைக் கண் செய்யும் நிபுணரிடம் போவது. செயற்கைக் கண் என்றால் கோலிக்குண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது சிப்பி ஓடு மாதிரி ஒரு மெல்லிய வளைந்த வில்லை. இன்னொரு கண்ணைப் பார்த்துப் பார்த்து, நிறமும் நரம்போட்டமும் கையால் தீட்டி, இமைக்கு அடியில் செருகுவது. உள்ளே தசைகள் உருண்டையோடு இணைந்திருப்பதால் ஓரளவு அசையவும் செய்யும். எதிரே உட்கார்ந்து பேசுபவருக்கு எது எது என்று தெரியாத அளவுக்குச் செய்து தருகிறார்கள்.

இனி பெரியம்மாவின் கேள்வி. கண் தானம் என்று நாம் சொன்னாலும், பார்வைக்காகப் பொருத்தப்படுவது கண்ணின் முன்னால் கண்ணாடி போலிருக்கும் கார்னியா மட்டும்தான். முழுக் கண்ணை வைத்துப் பார்வை தர முடியாது. பார்வை நரம்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளைக் கொண்டது. வெட்டிய பின் மூளையோடு மறுபடி இணைக்க இன்னும் வழி பிறக்கவில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில், முக மாற்று அறுவையோடு சேர்த்து ஒருவருக்கு முழுக் கண்ணைப் பொருத்தினார்கள். அந்தக் கண் உயிரோடு இருந்தது. பார்வை வரவில்லை.

ஒரு கண்ணோடு வாழப் பழகச் சில மாதம் ஆகும். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பு தவறும், படியிறங்கும்போது கால் தடுமாறும். மூளை தூரத்தைக் கணிக்க வேறு வழி கற்றுக்கொள்ளும். இருக்கும் கண்ணால் படித்தால் அது தேய்ந்துவிடும் என்பது பொய். அடிபடாமல் காப்பதுதான் அவசியம். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

ஆக, மூன்று வழிகள்: வெளியே தகடு வைத்தோ புரோட்டான் பாய்ச்சியோ கட்டியை வளராமல் நிறுத்துவது, கட்டியை மட்டும் வெட்டுவது, கண்ணை எடுப்பது. எது என்பதைத் தீர்மானிப்பது கட்டியின் உயரம், அடி அகலம், இருக்கும் இடம்.

## சித்தப்பாவின் கேள்வி

1978-இல் வாஷிங்டனிலிருந்த ராணுவ நோயியல் நிறுவனத்தின் லோரன்ஸ் சிம்மர்மேனும் அவருடைய சகாக்களான மெக்லீனும் ஃபாஸ்டரும் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். கண் மெலனோமாவோடு இருப்பவர்களில், கண்ணை எடுக்கும் முன் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில் இருந்த மரணம், கண்ணை எடுத்த இரண்டாம் ஆண்டில் நூற்றில் எட்டாக உயர்ந்திருந்தது. அறுவையின்போது கண்ணை அழுத்தித் திருகுவதால் செல்கள் ரத்தத்துக்குள் பிதுக்கப்படுகின்றனவோ என்று அவர்கள் கேட்டார்கள். அப்போது அநேகமாக எல்லாருக்கும் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகெங்கும் கண் டாக்டர்கள் கலங்கிப்போனார்கள். கட்டியைச் சுற்றி உறைய வைத்து, கண்ணை அழுத்தாமல் எடுக்கும் முறைகள் கூட முயன்று பார்க்கப்பட்டன.

தீர்க்க ஒரே வழி, ஒப்பிட்டுப் பார்ப்பது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்திய காம்ஸ் என்ற ஆய்வு 1980-களின் நடுவில் பிறந்தது. முன்பு அமெரிக்க ஆய்வு என்று சொன்னது இதைத்தான். நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணை எடுத்தார்கள், இன்னொன்றுக்கு அயோடின் தகடு. 2001-இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, கண்ணை எடுத்தவர்களில் 81 சதவீதம் பேரும், தகடு வைத்தவர்களில் 82 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு பார்த்தபோதும், எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 41-க்கு 43 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை. பெரிய கட்டி உள்ள 1,003 பேரை வைத்து இன்னொரு பகுதி நடந்தது. கண்ணை எடுக்கும் முன் கதிர் கொடுத்துச் செல்களை முடக்கிவிட்டால் நன்மை உண்டா என்று பார்த்தார்கள். அதிலும் ஆயுளில் வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை.

இந்த எண்கள் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்தே பதில் சொல்கின்றன. கத்தி பட்டதால் பரவியிருந்தால், கண்ணை எடுத்தவர்கள் அதிகம் இறந்திருக்க வேண்டும். இறக்கவில்லை. கண்ணை எடுத்தால்தான் வேரோடு போகும் என்றால், தகடு வைத்தவர்கள் அதிகம் இறந்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. தகடு வைத்தவர்களில் எட்டில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்குள் கண்ணை எடுக்க நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீதிப் பேர் தங்கள் கண்ணோடு இருந்தார்கள்.

## அப்படியானால் இரண்டாம் ஆண்டில் ஏன்?

சீமைக் கருவேலம் வளர்ந்த நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகள் அதன் நெற்றைத் தின்று, புழுக்கையோடு விதையை ஊரெங்கும் கொண்டுபோய்ப் போடும். இந்த வருடம் தாய்மரத்தை வெட்டுகிறோம். அடுத்த வருடம் பக்கத்துக் கொல்லையில் செடிகள் தலைதூக்குகின்றன. வெட்டியதால்தான் முளைத்தது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். வெட்டும்போதே விதை மண்ணுக்குள் கிடந்தது.

கண் மெலனோமாவிலும் அப்படித்தான் நடக்கிறது என்பது இப்போதைய புரிதல். பின்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட கணக்கில், பரவிய கட்டிகள் வளரும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிப் போனார்கள். கண்ணுக்குச் சிகிச்சை செய்வதற்கு ஐந்து ஆண்டு வரை முன்பே, கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே, சில செல்கள் வெளியேறியிருக்கலாம் என்று அது காட்டியது. கண்ணுக்குள் நிணநீர்க் குழாய்கள் கிடையாது. அதனால் செல்கள் ரத்தத்தின் வழியேதான் போகின்றன. பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அவை கல்லீரலில் தங்குகின்றன. கண்ணில் சிகிச்சை முழு வெற்றி பெற்றாலும், காலப்போக்கில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வேறு உறுப்பில் வெளிப்படுகிறது. இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் மறைத்தால் "ஆபரேஷன் சரியா பண்ணலை" என்ற தவறான முடிவுக்குத்தான் குடும்பம் போகும்.

நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005-இல் வலது கண்ணில் மெலனோமா வந்தது. கதிரும் லேசரும் கொடுத்தார்கள். கட்டி அடங்கியது, அந்தக் கண்ணின் பார்வை போயிற்று. ஒன்பது ஆண்டுகள் எழுதிக்கொண்டும் நீந்திக்கொண்டும் இருந்தார். 2015 தொடக்கத்தில் கல்லீரலில் பரவியிருப்பது தெரிந்தது, அந்த ஆகஸ்டில் 82 வயதில் காலமானார்.

யாருக்குப் பரவும், யாருக்குப் பரவாது என்பதைக் கட்டியின் மரபணு ஓரளவு சொல்லிவிடுகிறது. செல்லில் மூன்றாம் எண் குரோமோசோம் ஒரு ஜோடியாக இருக்க வேண்டும், அந்த ஜோடியில் ஒன்று தொலைந்திருந்தால் ஆபத்து அதிகம். தகடு வைக்கும்போதே ஊசியால் துணுக்கு எடுத்து இதைச் சோதிக்கலாம், எடுத்த கண்ணிலிருந்தும் சோதிக்கலாம். முடிவு எதுவானாலும் கண்ணுக்கான சிகிச்சை மாறாது. மாறுவது கல்லீரலை எத்தனை மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும் என்பதுதான். பரவிய நோய்க்கு ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமான முதல் மருந்து டெபென்டாஃபஸ்ப். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு குறிப்பிட்ட திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். ஓர் ஆண்டு முடிவில் அந்த மருந்து எடுத்தவர்களில் 73 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம்.

அதனால் வீட்டுக் கோப்பில் கண்ணின் ஸ்கேன் தாள்களோடு கல்லீரல் ஸ்கேன் தாள்களும் சேர வேண்டும். பல இடங்களில் ஆறு மாதத்துக்கொரு முறை வரச் சொல்வார்கள். கண்ணைப் பார்த்த டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதித் தந்தால் தவறுதலாக எழுதிவிட்டார் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதை பத்து ஆண்டு கழித்தும் முளைக்கலாம். கண் நன்றாக ஆறிப்போய், செயற்கைக் கண்ணோ தழும்போ பழகிப்போன பிறகும் அந்தச் சீட்டு தொடர்ந்து வருவது அதனால்தான்.